கழுந்து தளர்ந்த கட்டில்: செஞ்சி, மேல்மலையனூர் வட்டாரத்தில் பழைய மரச்சாமான்களின் மறுவாழ்வு

கேள்வி

பழைய மேசை ஒன்றைத் தேய்த்து, சாயம் பூசி, கூடத்தில் போட்டவரைப் பார்த்து ‘இதற்கு மறுவாழ்வு கொடுத்துவிட்டீர்கள்’ என்கிறோம். வீட்டலங்காரம் பற்றி எழுதுகிறவர்களும் அப்படித்தான் எழுதுகிறார்கள். தேய்த்தால் தாங்கும்படி அந்த மேசையை முதலில் செய்தவர், பல ஆண்டுகள் அதை ஆடாமல் வைத்திருந்த வீட்டார், கடைசியில் எடைக்குப் போட்டுக் கிடைத்ததை வாங்கிக்கொண்டவர் ஆகிய யாரும் அந்தப் பாராட்டில் இடம்பெறுவதில்லை. ஒரு பழைய மரச்சாமான் மறுபடி பிழைக்குமா என்பதைத் தீர்மானிப்பது கடைசியாகக் கைவைத்தவரின் கலைத்திறனா, முதலில் செய்தவரின் தொழில்முறையா? இக்கட்டுரை இந்தக் கேள்வியை எடுத்துக்கொள்கிறது. விழுப்புரம் மாவட்டத்தில் செஞ்சியையும் மேல்மலையனூரையும் சுற்றியுள்ள வட்டாரத்தை வைத்து அதைப் பார்க்கிறது. பழம்பொருள் வணிகத்துக்குப் பெயர்போன காரைக்குடியை விட்டு இங்கே வருவதற்குக் காரணம் உண்டு. சேகரிப்பாளர் தேடி வராத ஊர்களில்தான் பழைய பொருள் வீட்டாரின் சொந்தக் கையால் பிழைக்கிறது.

இதுவரை எழுதப்பட்டவை

பழம்பொருளின் மதிப்பு பற்றிய ஆய்வுகளில் மைக்கேல் தாம்சன் 1979இல் வெளியிட்ட ‘குப்பைக் கோட்பாடு’ இன்றும் விலக்க முடியாதது. புதிதாக வாங்கிய பொருளின் மதிப்பு நாள்பட நாள்படக் குறைந்து ஒன்றுமில்லாமல் போகிறது. அந்த நிலையில் அது யார் கண்ணுக்கும் படுவதில்லை. அங்கிருந்து சில பொருள்கள் மட்டும் திடீரென்று மேலெழுந்து, இனி மதிப்புக் குறையாத ‘நிலைத்த பொருள்’ ஆகின்றன. லண்டனின் பழைய வரிசை வீடுகள் அப்படி விலையேறியதை அவர் காட்டுகிறார். 1986இல் இகோர் கோப்பிட்டாஃப், மனிதருக்கு இருப்பதுபோலப் பொருளுக்கும் வாழ்க்கை வரலாறு உண்டு என்றார். யார் செய்தது, யார் கைக்குப் போயிற்று, பயன் முடிந்தபின் என்ன ஆயிற்று என்று கேட்கவேண்டும் என்பது அவர் வைத்த முறை. இந்திய மரச்சாமான்களைப் பொறுத்தவரை அமின் ஜாஃபர் 2001இல் வெளியிட்ட பெருநூல் பிரித்தானிய இந்தியாவையும் இலங்கையையும் எடுத்துக்கொள்கிறது. விசாகப்பட்டினத்துத் தந்தவேலை போன்ற, ஐரோப்பியருக்காகச் செய்யப்பட்ட உயர்ந்த பொருள்களே அதில் மிகுதி.

இந்த மூன்றும் எனக்குப் பயன்பட்டவை. ஆனால் மூன்றிலும் ஒரு குறை தெரிகிறது. பொருள் ஒரு கையிலிருந்து இன்னொரு கைக்கு, ஒரு விலையிலிருந்து இன்னொரு விலைக்கு நகரும்போதுதான் இவை அதைக் கவனிக்கின்றன. ஒரே வீட்டில், ஒரே குடும்பத்தில், விலையே இல்லாமல் மூன்று தலைமுறை உழைக்கும் கட்டில் இந்தக் கண்ணாடிகளுக்குள் வருவதில்லை. அதைச் சரிசெய்துகொண்டே இருக்கும் வேலைக்குக் கூலியும் இல்லை, பெயரும் இல்லை, ஆகவே வரலாறும் இல்லை.

புது மரத்தின் ஊர்

மேல்மலையனூர் அங்காளபரமேசுவரி கோயிலின் மாசிப் பெருவிழா மயானக் கொள்ளைக்குப் பெயர்பெற்றது. அதே விழாவின் தேரோட்டத்துக்கு இன்னொரு சிறப்பும் உண்டு. மற்ற ஊர்களில் தேர் தலைமுறை தலைமுறையாக நிலையில் நிற்கும். இங்கே ஆண்டுதோறும் பச்சை மரம் வெட்டிப் புதிதாகத் தேர் கட்டுகிறார்கள். தெய்வம் ஏறும் மரம் அந்த ஆண்டின் மரமாக இருக்கவேண்டும் என்பது இவ்வூர் வழக்கம்.

இந்த வழக்கத்தைக் காட்டி, ‘நம் மரபு பழைய மரத்தை ஏற்பதில்லை’ என்று சொல்பவர்கள் உண்டு. போகியன்று பழையதைக் கொளுத்துவதையும், இறந்தவர் படுத்திருந்த கட்டிலை வீட்டில் வைத்துக்கொள்ளத் தயங்குவதையும், இடித்த வீட்டு மரத்தைப் புதுவீட்டுக்கு ஆகாது என்று ஒதுக்குவதையும் துணைக்கு அழைப்பார்கள். இந்தத் தயக்கங்கள் உண்மையானவை. வேறொரு வீட்டுக் கட்டிலை வாங்க மனம் வராமல், சொந்த வீட்டுக் கட்டிலை மட்டும் திரும்பத் திரும்பச் சரிசெய்துகொள்ளும் குடும்பங்கள் இன்றும் இருக்கின்றன. ஆனால் இவற்றிலிருந்து பழைய மரத்தின்மீது பொதுவான வெறுப்பு என்ற முடிவுக்குத் தாவ முடியாது. போகித் தீயில் விழுவது பெரும்பாலும் கிழிந்த பாயும் உடைந்த கூடையும் தேய்ந்த துடைப்பமும்தான். தேக்குப் பெட்டியைக் கொளுத்தியவர் யாருமில்லை. எது பழையது, எது முடிந்துபோனது என்று பிரித்தறியும் பழக்கம் வீட்டுக்குள்ளேயே இருந்திருக்கிறது.

சடங்கின் புதுமையும் மரத்தின் மறுபயனும் ஒன்றையொன்று விலக்குவதில்லை என்பதற்கு ஜப்பானின் இசே கோயில் நல்ல சான்று. அதை 20 ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் புது மரத்தால் எழுப்புகிறார்கள்; கடைசியாக 2013இல் எழுப்பினார்கள். இறக்கிய மரத்தை எறிவதில்லை. முதன்மைத் தூண்கள் பாலத்து வாயில்களாகின்றன. மற்ற மரங்கள் வேறு ஊர்க் கோயில்களைப் பழுதுபார்க்கப் போகின்றன. புதுப்பிக்கும் சடங்கே பழைய மரத்தை வெளியே அனுப்பும் வழியாகவும் அமைந்துவிட்டது.

வீடு மாறியபோது

தமிழ் வீட்டில் நாற்காலி, மேசை பிந்தி வந்தவை. திண்ணை, பாய், ஊஞ்சல், கட்டில், நெல் கொட்டும் பத்தாயம், துணி வைக்கும் பெட்டி, இவ்வளவுதான் நெடுங்காலம் வசதியுள்ள வீட்டின் மரச்சாமான். பள்ளியும் கச்சேரியும் வந்தபின்தான் நாற்காலி நடைமுறைக்கு வந்தது. ஆகவே இவ்வட்டாரத்தில் ‘பழைய மரச்சாமான்’ என்றால் முதலில் கட்டில், பெட்டி, பத்தாயம். அதோடு இடித்த வீட்டின் நிலை, கதவு, தூண்.

இவை வீட்டைவிட்டு வெளியேறிய காரணத்தை ரசனை மாற்றத்தில் தேடுவது பொருந்தாது. வீட்டின் அளவைப் பார்த்தால் போதும். 2010இல் குடிசைகளுக்கு மாற்றாகக் கலைஞர் வீட்டு வசதித் திட்டம் வந்தது. 2011இல் தொடங்கிய பசுமை வீடுகள் திட்டத்தில் வீட்டின் அளவு 300 சதுர அடி. 2024இல் அறிவிக்கப்பட்ட கலைஞரின் கனவு இல்லம் 2030க்குள் 8 லட்சம் வீடுகள் என்ற இலக்கோடு வந்தது. ஒழுகாத கூரை கிடைத்ததன் அருமை, ஐப்பசி அடைமழையில் கூரை வீட்டில் இருந்தவர்களுக்குத் தெரியும். அதை நான் குறைத்துச் சொல்லவில்லை. ஆனால் 300 சதுர அடியில் பத்தாயத்துக்கு இடமில்லை. நெல்லும் களத்திலிருந்து நேரே கொள்முதல் நிலையத்துக்கோ ஒழுங்குமுறை விற்பனைக்கூடத்துக்கோ போகத் தொடங்கியபின் பத்தாயத்துக்கு வேலையும் இல்லை. பிரித்தால் அது அகலமான பலகைகள். அவை அலமாரித் தட்டாகவும், மாட்டுக்கொட்டகைத் தடுப்பாகவும், குளியலறைக் கதவாகவும் ஆயின. எந்த இதழும் படம் பிடிக்காத கைவினை இது.

2006க்குப் பின் அரசு வழங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சியும் இந்த வரலாற்றில் சேரும். பெட்டி வீட்டுக்கு வந்தது. அதை வைக்கும் மேடை வரவில்லை. பழைய மேசையின் காலைக் குறைத்தோ, டிரங்குப் பெட்டியின் மேல் பலகை போட்டோ, தையல் மிஷினின் இரும்புச் சட்டத்தின்மேல் கதவுப் பலகையைப் பொருத்தியோ சமாளித்தார்கள். சிங்கர் மிஷினின் வார்ப்பிரும்புக் கால்மேல் பலகை வைத்த மேசை நகரக் கடைகளில் இன்று அலங்காரப் பொருள். கிராமத்து வீடுகளில் அது தேவையால் பிறந்தது.

கழுந்தும் ஆப்பும்

கட்டில் ஒன்றைக் கிட்டத்தில் பார்ப்போம். கடைசல் கால் நான்கு, சட்டம் நான்கு. சட்டத்தின் நுனியைச் செதுக்கி மெலித்தது கழுந்து. அது போய் உட்காரக் காலில் குடைந்தது துளை. இரண்டும் இறுகக் குறுக்கே ஒரு மரஆணி, அல்லது கழுந்தின் நுனியைப் பிளந்து அடித்த ஆப்பு. இரும்பு ஆணி கிடையாது. செஞ்சிப் பாறைக் குன்றுகளின் வெக்கையில், கத்திரி வெயிலில் மரம் சுருங்கும். ஐப்பசி, கார்த்திகையில் பருக்கும். பல ஆண்டு இப்படிச் சுருங்கியும் பருத்தும் கழுந்து மெலிந்து, கட்டில் ஆடத் தொடங்கும். அப்போது தச்சர் மரஆணியைப் பின்பக்கமிருந்து தட்டி எடுப்பார். கொட்டாப்புளியால் மெல்லத் தட்டினால் சட்டம் கழன்று வரும். கழுந்தின் பக்கத்தில் மெல்லிய மரச்செதில் ஒட்டி, இழைத்து, பழைய துளையிலேயே மறுபடி இறக்குவார். கட்டில் இன்னொரு தலைமுறைக்குத் தயார்.

இதில் கவனிக்கவேண்டியது, பழுதுபார்த்தவருக்கு வழி விட்டவர் முதல் தச்சர் என்பது. கழன்று வரும்படி அவர் செய்திருந்தார். பசையிலும் அப்படித்தான். தோல், எலும்பு காய்ச்சி எடுக்கும் வச்சிரப் பசையைச் சூடும் ஈரமும் காட்டினால் இளகும். ஒட்டியதைப் பிரித்து மீண்டும் ஒட்டலாம். 1959இல் வந்த ஃபெவிகால் தச்சரின் வேலையை எளிதாக்கியது. அடுப்பு மூட்டிப் பசை காய்ச்சும் வேலையும் அதன் நாற்றமும் போயின. அதை வேண்டாம் என்று எந்தத் தச்சரிடமும் நான் சொல்லமாட்டேன். ஆனால் அதில் இறுகிய இணைப்பைப் பழையபடி எளிதில் பிரிக்க முடியாது. இழுத்தால் பசை விடுவதற்கு முன் மரம் பிய்ந்து வரும். இரும்பு ஆணி இன்னும் மோசம். அவசரத்துக்கு அடித்த ஆணி துருவேறிப் பருத்து, மரத்தை நாரோட்டத்தில் பிளக்கும். வீட்டில் தாங்களே சரிசெய்ய முனைபவர்கள் முதலில் செய்யும் தவறும் இந்த ஆணிதான்.

இன்று வீடுகளுக்கு வரும் துகள்பலகைச் சாமான்கள் இந்தச் சோதனையில் தேறுவதில்லை. மரத்தூளையும் செதிலையும் பிசினோடு அழுத்தியது அந்தப் பலகை. நாரோட்டம் என்று ஒன்று அதற்கு இல்லை. திருகாணியை ஒருமுறை கழற்றி மறுபடி முடுக்கினால் பிடிக்காது. வீடு கழுவும் தண்ணீர் அடியில் பட்டால் ஊதி உதிரும். எவ்வளவு தேர்ந்த கைவினைஞரும் ஊதிப்போன துகள்பலகைக்கு மறுவாழ்வு தரமுடியாது. மேலே படம் ஒட்டி மறைக்கலாம், அவ்வளவுதான். எனவே என் கேள்விக்கு விடையில் பெரும்பகுதி இங்கேயே கிடைத்துவிடுகிறது. பழுதுபார்க்கும் வாய்ப்பைப் பொருளுக்குள் வைப்பவர் அதை முதலில் செய்தவர். பின்னால் வருபவர் அந்த வாய்ப்பைப் பயன்படுத்தலாம், அல்லது கெடுக்கலாம். இல்லாத வாய்ப்பை உண்டாக்க அவரால் ஆகாது.

ஒயர் பின்னும் கை

மரத்தை விட்டு இரும்புக்கு வந்தால் வீட்டுக் கைவினையின் இன்னொரு முகம் தெரிகிறது. இரும்புக் குழாய்ச் சட்டத்தில் பிளாஸ்டிக் ஒயர் பின்னிய நாற்காலி ஒரு காலத்தில் வீட்டுக்கு வீடு இருந்தது. ஒயர் அறுந்ததும் சட்டம் பரணுக்கோ பழைய இரும்புக்கடைக்கோ போகும். ஆனால் அந்தச் சட்டத்தை மறுபடி பின்னத் தேவையான கைப்பழக்கம் இவ்வட்டாரத்துப் பெண்களிடம் ஏற்கெனவே உண்டு. சிவன் கண், நெல்லிக்காய் என்று முடிச்சுப் பெயர் சொல்லி ஒயர் கூடை போடுகிற அதே கை அது.

வேலை இப்படி நடக்கும். பழைய ஒயரை அறுத்தெடுத்து, துருவை உப்புத்தாளால் தேய்த்து, ரெட் ஆக்சைடு பூசிக் காயவிட்டு, அதன்மேல் எனாமல். பிறகு நீளவாட்டில் பாவு ஓட்டவேண்டும். ஒவ்வொரு சுற்றையும் ஒரே இறுக்கத்தில் இழுப்பதில்தான் திறமை இருக்கிறது. ஓர் இழை தளர்ந்தாலும் உட்கார்ந்தவுடன் அந்த இடம் குழியும். குறுக்கு ஒயர் ஓர் இழை மேலே, ஓர் இழை கீழே போகும். வெயிலில் வைத்த ஒயர் இளகி நீளும் என்பதால் அந்த நேரத்தில் இழுத்துக் கட்டுவார்கள். நிழலுக்கு வந்ததும் அது இன்னும் இறுகும். எந்தக் கையேட்டிலும் படிக்காத இந்த அறிவு பின்னிப் பின்னி வந்தது.

பிரம்பு நாற்காலிக்கும் இப்படி ஒரு வரலாறு உண்டு. பார்வையற்றோர் பள்ளிகளில் பிரம்பு பின்னக் கற்றுக்கொடுத்தார்கள். அரசு அலுவலகங்களில் நாற்காலிப் பிரம்பு பின்னும் பணியிடங்கள் பார்வையற்றோருக்கு ஏற்றவையென்று அடையாளம் காணப்பட்டிருந்தன. அலுவலகங்களுக்குப் பஞ்சு வைத்த சுழல் நாற்காலி வந்தபோது அந்த வேலைக்கான தேவையும் சுருங்கிற்று. நாற்காலியை மாற்றுவது நாற்காலியோடு முடிவதில்லை.

இதே விழுப்புரம் மாவட்டத்தில், 1968இல் தோன்றிய ஆரோவில்லில், கழிவுப் பொருளைக் கொண்டு செய்யும் கைவினைக்கு உலகச் சந்தை கிடைத்திருக்கிறது. 2004 ஆழிப்பேரலைக்குப் பின் துணிக்கழிவில் மீனவப் பெண்கள் செய்த சுனாமிகா பொம்மை பல நாடுகளுக்குப் போயிற்று. சுற்றுவட்டாரக் கிராமத்துப் பெண்கள் செய்தித்தாளைச் சுருட்டிக் கூடையும் தட்டும் செய்கிறார்கள். நல்ல வேலை. அந்தக் கூடைக்கு வாங்க ஆள் வரும் வழி இருக்கிறது. மேல்மலையனூர்ப் பக்கத்தில் நாற்காலி பின்னுகிறவருக்கு அந்த வழி இல்லை. கைத்திறனில் இருவருக்கும் வித்தியாசம் இல்லை என்பதே என் கணிப்பு.

தூண்கள் போன வழி

மறுபயன் என்றாலே நன்மை என்று எடுத்துக்கொள்ளக்கூடாது என்பதைச் செஞ்சியைவிடத் தெளிவாகச் சொல்லும் ஊர் இல்லை. 1750இல் பிரெஞ்சுக்காரர் செஞ்சிக் கோட்டையைப் பிடித்தார்கள். 1761 வரை அது அவர்கள் கையில் இருந்தது. செஞ்சியின் வேலைப்பாடமைந்த கருங்கல் தூண்கள் புதுச்சேரிக்குப் போயின. இன்று கடற்கரையில் காந்தி சிலையைச் சுற்றி நிற்பவை அவைதாம். அந்தத் தூண்களுக்கு ‘மறுவாழ்வு’ கிடைத்ததா என்று கேட்டால், நிற்கின்றன, பார்க்கப்படுகின்றன, ஆம். அவற்றை இழந்த மண்டபத்தைப் பற்றி அந்தப் பதிலில் ஒன்றுமில்லை. 2025 ஜூலையில் மராத்தியப் போர்த்தளங்களின் வரிசையில் செஞ்சிக் கோட்டை யுனெஸ்கோவின் உலக மரபுச் சின்னமானது. கோட்டைக் கல்லை இனி யாரும் தொடமுடியாது. அதன் அடிவாரத்து ஊர்களில் ஓட்டுவீடு இடிபடும்போது போகும் மரத்தூணுக்கு அப்படி ஒரு காவல் கிடையாது.

செட்டிநாட்டில் நடந்ததும் இதன் தொடர்ச்சிதான். பர்மாவில் ஈட்டிய செல்வத்திலும் பர்மாத் தேக்கிலும் எழுந்த மாளிகைகள், 1942இல் ஜப்பான் படையெடுப்புக்குப் பின் அந்த வருவாய் சரிந்தபோது பராமரிக்க ஆளற்றுப்போயின. பல வீடுகள் மரத்துக்காகவே இடிக்கப்பட்டன. காரைக்குடிக் கடைகளிலிருந்து நிலைகளும் தூண்களும் பெருநகரங்களுக்குப் போய், ஊஞ்சல் பலகை உணவு மேசையாயிற்று, கதவு சுவரில் மாட்டும் கண்ணாடிச் சட்டமாயிற்று. இதற்கு நேர்மாறான முன்மாதிரியும் நம்மிடம் உண்டு. சென்னைக் கைவினை அறக்கட்டளை முட்டுக்காட்டில் 1996இல் திறந்த தட்சிணசித்ராவில், இடிபட இருந்த வீடுகளை உறுப்பு உறுப்பாகப் பிரித்து, எண்ணிட்டு, கொண்டுவந்து, வீடாகவே மறுபடி எழுப்பியிருக்கிறார்கள். அங்கே தூண் தூணாகவே நிற்கிறது. பிரித்துச் சேர்க்க முடிந்ததற்கும் காரணம் அதே கழுந்தும் துளையும்தான்.

தாம்சன் சொல்லும் ‘குப்பை’ நிலை யாருக்கு லாபம் என்பதை இங்கே கேட்டாகவேண்டும். வீட்டை இடிக்கும் குடும்பம் மரத்தை ஒப்பந்தக்காரருக்குக் கூலிக்கழிவாக விட்டுக்கொடுக்கிறது. அதே நிலைக்கதவு மெருகேறிக் கடையில் நிற்கும்போது இன்னொரு விலை. நடுவில் சேர்ந்த மதிப்பில் தச்சரின் உழைப்பு ஒரு பங்கு. மற்றது, விற்றவருக்கு அதன் மதிப்பு தெரியாமல் இருந்ததன் பங்கு. பழைய பொருள் வாங்கிப் புதுப்பிக்கும் ஆர்வலர்கள் நல்ல மனத்தோடுதான் வாங்குகிறார்கள். ‘இன்ன மரம், இன்ன விலைக்குப் போகும்’ என்று விற்கிறவரிடம் சொல்லிவிட்டு வாங்கினால் அந்தக் கைவினையின் மதிப்பு இன்னும் உயரும் என்பது என் எண்ணம்.

சாயத்துக்கு அடியில்

வீட்டிலேயே புதுப்பிப்பவர்களிடம் பொதுவாகப் பேசப்படாத ஓர் ஆபத்து உண்டு. வீட்டுச் சாயங்களில் ஈயத்தின் அளவு பத்து லட்சத்தில் 90 பங்குக்கு மேல் போகக்கூடாது என்ற விதி 2016இல் வந்து, 2017 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. அதற்கு முன் பூசிய பச்சை, மஞ்சள், சிவப்பு எனாமல்களில் ஈயம் மிகுதியாக இருக்கக்கூடும். பழைய கதவை வாசலில் போட்டு உலர்ந்த உப்புத்தாளால் தேய்த்தால் பறக்கும் தூள் குழந்தைகளின் மூளை வளர்ச்சியைப் பாதிக்கும். தண்ணீர் தொட்டுத் தேய்ப்பது, முகத்தைக் கட்டிக்கொள்வது, குழந்தைகளை அப்பால் வைப்பது, தூளைக் கூட்டாமல் ஈரத்துணியால் துடைத்தெடுப்பது ஆகியவை கட்டாயம். சாயம் உரியாமல் நன்றாக இருந்தால் தேய்க்காமல் விடுவதே மேல்.

புதுப்பூச்சைத் தேர்வதிலும் முன்பு சொன்ன அளவுகோல் பொருந்தும். அரக்கைச் சாராயத்தில் கரைத்துப் பூசும் பிரெஞ்சு பாலிஷ், மறுபடி சாராயம் தொட்டால் கரையும். அடுத்தவர் அதை எடுத்துவிட்டு மரத்தைப் பார்க்கலாம், பழுதைக் காணலாம். பட்டி வைத்து அடைத்து எனாமல் பூசினால் கழுந்து எங்கே, பிளவு எங்கே என்றே தெரியாது. பழைய தேக்கின்மேல் பளிச்சென்ற வெள்ளைச் சாயம் இப்போது பரவிவருகிறது. சொந்தப் பொருளுக்கு என்ன சாயம் என்பது அவரவர் விருப்பம்தான். ஆனாலும் அடுத்துப் பழுதுபார்க்க வருபவரின் வேலையை அது பலமடங்கு கூட்டிவிடுகிறது.

கொள்கை அளவில் பழுதுபார்க்கும் தொழில் இன்னும் கண்ணுக்குப் படவில்லை. 2022இல் மத்திய அரசு ‘பழுதுபார்க்கும் உரிமை’க்கு எடுத்துக்கொண்டவை வேளாண் கருவிகள், கைபேசி உள்ளிட்ட மின்னணுப் பொருள்கள், வீட்டு உபயோகச் சாதனங்கள், வாகனங்கள். மரச்சாமான் அதில் இல்லை. 2023இல் வந்த விசுவகர்மா திட்டத்தின் 18 தொழில்களில் தச்சர் உண்டு. அதை ஏற்காத தமிழ்நாடு 2025இல் தொடங்கிய கலைஞர் கைவினைத் திட்டத்திலும் மரவேலை உண்டு. அதில் 3 லட்சம் ரூபாய் வரை கடனும் மானியமும் கிடைக்கும். பக்கத்துக் கள்ளக்குறிச்சியின் மரச்சிற்பத்துக்கு 2021இல் புவிசார் குறியீடும் கிடைத்தது. எல்லாவற்றிலும் எண்ணிக்கைக்கு வருவது புதிதாகச் செய்த பொருள். ஆடும் கட்டிலை நிறுத்திக் கொடுத்த தச்சர் எந்தக் கணக்கிலும் ஏறுவதில்லை; வீட்டாரும் அந்த வேலைக்குப் பேரம் பேசியே கூலி கொடுக்கிறார்கள். இத்திட்டங்களின் பயிற்சியில் முதல் வாரம் புதுப்பலகை கொடுக்காமல், தளர்ந்த கட்டில் ஒன்றைக் கொடுத்து, ஒரு சட்டமும் உடையாமல் பிரித்துச் சேர்க்கச் சொல்லலாம். பிரிக்கத் தெரிந்துகொண்டவர் அடுத்துத் தான் செய்யும் கட்டிலைப் பிரிக்கவரும்படி செய்வார்.